ஹோட்டல் ரிசப்ஷன் வேலை: பெண்களுக்கு நைட் ஷிப்ட் கட்டாயமா? 12 மணி நேர டியூட்டி சரியா? முழு விவரம்

"ரிசப்ஷன் வேலைக்கு பெண்கள் தேவை. முழுநேரம். சம்பளம் நேரில்." கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை பக்கம் பஸ் ஸ்டாண்டு சுவர்களிலும் வாட்ஸ்அப் குரூப்களிலும் இப்படிப்பட்ட விளம்பரங்கள் அடிக்கடி கண்ணில் படும். டிகிரி முடித்துவிட்டு சங்கராபுரத்தில் வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இது நல்ல வாய்ப்பாகத் தெரியும். ஏசி அறை, கம்ப்யூட்டர், மரியாதையான வேலை.

ஆனால் வீட்டில் முதலில் வரும் கேள்வி வேறு. "லாட்ஜ்லயா வேலை? ராத்திரி யார் கூட்டிட்டு வருவா?"

அந்தக் கேள்வியைச் சும்மா தள்ளிவிட முடியாது. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான் என்பதும் இல்லை. விடுதி நிர்வாகம் என்னென்ன செய்து தர வேண்டும் என்று சட்டம் பட்டியலே போட்டு வைத்திருக்கிறது. 'முழுநேரம்' என்றால் எத்தனை மணி நேரம், நைட் ஷிப்ட் வேண்டாம் என்று சொல்லலாமா, கஸ்டமர் தொந்தரவு கொடுத்தால் யாரிடம் போவது, கர்ப்பம் என்றால் வேலை போய்விடுமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சங்கராபுரத்துக்கும் ஹோட்டல் வேலைக்கும் என்ன தொடர்பு?

சங்கராபுரம் சுற்றுலா ஊர் கிடையாது. தாலுகா தலைமையிடம், பேரூராட்சி, சுற்றுவட்டார கிராமங்களுக்குச் சந்தை ஊர். கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும்தான் இந்தப் பக்கத்துப் பிழைப்பு. மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவு சர்க்கரை ஆலையை நம்பிய குடும்பங்கள் ஏராளம்.

ஆனால் ஊர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் கள்ளக்குறிச்சி. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்தில் இருந்து பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகரான ஊர். ஆட்சியர் அலுவலகம் வந்தது, 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அரசு வேலையாக வருபவர்கள், மருத்துவமனைக்கு வருபவர்கள், கம்பெனி ஆட்கள் என ரூம் எடுத்துத் தங்குபவர்களுக்குக் காரணங்கள் கூடியிருக்கின்றன. உளுந்தூர்பேட்டையில் காலணித் தொழிற்சாலை அமைக்க 2023-ல் ஒப்பந்தம் போடப்பட்டது.

இன்னொரு பக்கம் கல்வராயன் மலை. வெள்ளிமலை, கரியாலூர் படகுத் துறை, மேகம் அருவி, பெரியார் அருவி என வார இறுதியில் வண்டிகள் ஏறுகின்றன. வடக்கே திருவண்ணாமலை. அங்கே பௌர்ணமி என்றாலே ரூம் கிடைப்பது கஷ்டம். கிரிவலம் வரும் கூட்டம் இரவு முழுக்க வந்துகொண்டே இருக்கும், ரிசப்ஷனில் விளக்கு அணையாது.

ஆக, வேலை இருக்கும் இடம் பஸ் தூரத்தில் இருக்கிறது. பிரச்சினை அந்தப் பஸ் எத்தனை மணி வரை ஓடுகிறது என்பதில் ஆரம்பிக்கிறது.

ரிசப்ஷனிஸ்ட் என்னென்ன செய்ய வேண்டும்?

"சும்மா சிரிச்சிட்டு சாவி கொடுக்கிற வேலைதானே" என்ற நினைப்பு பலருக்கு உண்டு. உண்மையில் ஒரு விடுதியின் கணக்கு, பாதுகாப்பு, பெயர் மூன்றுமே இந்த மேஜையில்தான் இருக்கிறது.

* வருபவரின் அடையாள அட்டையைச் சரிபார்த்து, பதிவேட்டில் ஏற்றி, ரூம் ஒதுக்குவது
* போனிலும் ஆன்லைன் தளங்களிலும் வரும் புக்கிங்கை ஒரே ரூமுக்கு இரண்டு பேர் வராதபடி பார்த்துக்கொள்வது
* அட்வான்ஸ், பில், ஜிஎஸ்டி, யுபிஐ, கார்டு என வரும் பணத்தை ஷிப்ட் முடியும்போது கணக்குக் காட்டி ஒப்படைப்பது
* வெளிநாட்டவர் தங்கினால் அந்த விவரத்தை உரிய நேரத்துக்குள் அரசின் இணையதளத்தில் பதிவது
* ஹவுஸ்கீப்பிங், ரூம் சர்வீஸ், எலக்ட்ரீஷியன் என எல்லோருக்கும் தகவல் சொல்லி வேலை வாங்குவது
* இரவில் அன்றைய வரவு செலவை முடிக்கும் 'நைட் ஆடிட்'

பெரிய ஹோட்டலில் இதற்கெல்லாம் தனித்தனி ஆட்கள் இருப்பார்கள். சின்ன ஊர் லாட்ஜில் ஒரே ஆள். ஷிப்ட் முடியும்போது கல்லாவில் 500 ரூபாய் குறைந்தால் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. வேலைக்குச் சேரும் முன்பே கேட்க வேண்டிய விஷயங்களில் இதுவும் ஒன்று.

ஹோட்டலில் பெண்கள் வேலை செய்யத் தடை இருந்ததா?

இருந்தது. டெல்லியில் நடைமுறையில் இருந்த பஞ்சாப் கலால் சட்டம், 1914-ன் 30-வது பிரிவு, பொதுமக்கள் மது அருந்தும் இடங்களில் எந்த வயதுப் பெண்ணையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஆண்களுக்கு 25 வயது ஆகியிருக்க வேண்டும்.

பார் மட்டும்தானே என்று தோன்றலாம். ஆனால் பெரிய ஹோட்டல்களில் ரூமிலேயே மது பரிமாறப்படும். அப்படியானால் தடை பார் கதவோடு நிற்காது. ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்து வெளியே வரும் பெண்களுக்கு வேலைவாய்ப்பே சுருங்கிவிடும்.

இந்திய ஹோட்டல் சங்கம் வழக்குப் போட்டது. 2006-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. டெல்லிவாசிகள் சிலர் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார்கள். 'அனுஜ் கார்க் எதிர் இந்திய ஹோட்டல் சங்கம்' என்ற அந்த வழக்கில் 2007 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. தடை செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

அந்தத் தீர்ப்பின் சாரம் இன்றைக்கும் பொருந்தும். பாதுகாப்பு இல்லை என்ற காரணத்தைக் காட்டிப் பெண்களை வேலையில் இருந்து ஒதுக்கக் கூடாது. அவர்கள் பயமில்லாமல் வேலை செய்யும் சூழலை உருவாக்குவதுதான் அரசின் கடமை. 'பெண்களுக்கு நல்லதுக்குத்தான்' என்று சொல்லிக் கொண்டுவரப்படும் கட்டுப்பாடு, அவர்களின் வேலை செய்யும் உரிமையைப் பறிக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டும்.

நைட் ஷிப்ட்: சென்னையில் இருந்து வந்த தீர்ப்பு

அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே சென்னை உயர் நீதிமன்றம் இதே பாதையில் நடந்திருக்கிறது. தொழிற்சாலைகள் சட்டம், 1948-ன் 66(1)(பி) பிரிவு, இரவில் பெண்களை வேலைக்கு வைக்கத் தடை விதித்திருந்தது. அதை எதிர்த்து ஒரு பெண் தொழிலாளி உள்ளிட்டோர் தொடர்ந்த 'வசந்தா' வழக்கில், 2000 டிசம்பரில் அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு விரோதமானது என்று தீர்ப்பு வந்தது.

தடையை நீக்கியதோடு நீதிமன்றம் நிற்கவில்லை. இரவு வேலைக்குப் பெண்களை வைத்தால் போக்குவரத்து வசதி, தனியாக விடாமல் குழுவாக வேலை, ஒரு ஷிப்டுக்கும் அடுத்த ஷிப்டுக்கும் இடையே போதிய ஓய்வு என நிபந்தனைகளையும் சேர்த்தது.

இந்த வழக்கு தொழிற்சாலை பற்றியது. ஆனால் 'தடை வேண்டாம், பாதுகாப்பு வேண்டும்' என்ற அதே அணுகுமுறையைத்தான் பின்னர் வந்த அரசாணைகளிலும் பார்க்க முடிகிறது.

இப்போது தமிழ்நாட்டில் விதி என்ன?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. இதன் வரையறையில் கடை, உணவகத்தோடு தங்கும் விடுதியும் வருகிறது. உணவு வழங்கும் நிறுவனங்களுக்கு 1958-ல் தனிச் சட்டமும் வந்தது. வேலை செய்யும் விடுதி எந்தச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்கிறது என்பதை அதன் பதிவுச் சான்றிதழில் பார்க்கலாம்.

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகள், நிறுவனங்கள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019 மே மாதம் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. அது 2022-லும் 2025-லும் தலா மூன்று ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. அதில் பெண் ஊழியர்களுக்கான நிபந்தனைகள் இவை:

* சாதாரணமாக இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலை செய்யச் சொல்லக் கூடாது
* அந்தப் பெண்ணின் எழுத்துப்பூர்வ சம்மதம் இருந்தால் மட்டும் இரவு 8 முதல் காலை 6 வரை வேலை தரலாம்
* அப்போது அவரது கண்ணியத்துக்கும் பாதுகாப்புக்கும் நிறுவனம் ஏற்பாடு செய்ய வேண்டும்
* ஷிப்டில் வரும் பெண்களுக்குப் போக்குவரத்து வசதி தர வேண்டும். அது இருக்கிறது என்ற அறிவிப்பை முகப்பில் ஒட்ட வேண்டும்
* ஓய்வறை, கழிப்பறை, பொருட்களை வைக்க லாக்கர் வேண்டும்
* பாலியல் புகார்களை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும்

2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் பணியிடப் பாதுகாப்பு பற்றிய தொகுப்பும், மாலை 7 மணிக்கு மேலும் காலை 6 மணிக்கு முன்பும் பெண்களை வேலைக்கு வைக்க அவர்களின் சம்மதம் வேண்டும் என்கிறது. பணி நியமனக் கடிதம் தர வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது.

ஆக, "நைட் டியூட்டி கட்டாயம், இல்லைன்னா வேலை இல்லை" என்பது சம்மதம் ஆகாது. அதே நேரம் நைட் ஷிப்ட் பார்க்க விரும்பும் பெண்ணிடம், "பொண்ணுங்களுக்கு நைட் தர மாட்டோம், அதனால இந்தப் பதவி உயர்வும் கிடையாது" என்று சொல்வதும் நியாயம் ஆகாது. நைட் ஷிப்ட் தெரியாதவர் டியூட்டி மேனேஜர் ஆவது ஹோட்டல் தொழிலில் கடினம்.

'முழுநேரம்' என்றால் எத்தனை மணி நேரம்?

அதே அரசாணைப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். ஓவர்டைம் சேர்த்தாலும் ஒரு நாளில் பத்தரை மணி நேரத்தையும், வாரத்தில் 57 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் விடுப்பு கட்டாயம். சம்பளத்தை வங்கிக் கணக்கில் போட வேண்டும்.

ஆனா நிறைய லாட்ஜ்களில் நடப்பது வேறு. காலை 8 முதல் இரவு 8 வரை ஒருவர், இரவு 8 முதல் காலை 8 வரை இன்னொருவர். இரண்டே பேர்.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம். ரிசப்ஷன் வாரத்தில் 7 நாளும் 24 மணி நேரமும் திறந்திருக்கும். அதாவது 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்றால் 168-ஐ 48-ஆல் வகுக்க வேண்டும். மூன்றரை வருகிறது. குறைந்தது நான்கு பேர் வேண்டும்.

இரண்டே பேரை வைத்து ஓட்டினால் ஒருவருக்கு வாரம் 84 மணி நேரம். 48 மணி நேரத்தை விட 36 மணி நேரம் அதிகம். ஓவர்டைம் உச்ச வரம்பான 57-ஐயும் தாண்டி 27 மணி நேரம். விளம்பரத்தில் இருக்கும் 'முழுநேரம்' என்ற சொல்லுக்குள் பல நேரம் இந்தக் கணக்குதான் ஒளிந்திருக்கிறது.

பெண்களுக்கு இது கூடுதல் சுமை. 12 மணி நேர டியூட்டி, போக வர இரண்டு மணி நேரம், வீட்டு வேலை தனி. கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விடுவதற்கு 'குடும்பம்' என்று காரணம் சொல்லப்படும். இத்தனை மணி நேரம் வேலை செய்துவிட்டு யாராலும் குடும்பத்தைப் பார்க்க முடியாது என்பதை யாரும் சொல்வதில்லை.

நிற்க வேண்டுமா, உட்காரலாமா?

"ரிசப்ஷன்ல உட்கார்ந்தா மரியாதை இல்ல" என்று பல இடங்களில் நாற்காலியே போடுவதில்லை. 2021-ல் தமிழ்நாடு சட்டமன்றம் இதற்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தது. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட அந்தப் பிரிவு, ஊழியர்கள் வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது. ஜவுளிக்கடை, நகைக்கடை ஊழியர்களின் நிலைதான் இதற்கு முக்கியக் காரணம். கேரளா 2018-லேயே இப்படி ஒரு திருத்தம் செய்தது.

கஸ்டமர் வந்தால் எழுந்து பேசலாம். யாரும் இல்லாத நள்ளிரவு 2 மணிக்கும் நிற்க வேண்டும் என்று சொல்ல முடியாது. மாதவிடாய் நாளிலும் கர்ப்ப காலத்திலும் இந்த நாற்காலி எவ்வளவு முக்கியம் என்பது நின்று வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கஸ்டமர் தொந்தரவு கொடுத்தால்?

ரிசப்ஷன் வேலையில் இதுதான் பெரிய பயம். தொந்தரவு முதலாளியிடம் இருந்தோ கூட வேலை செய்பவரிடம் இருந்தோ மட்டும் வருவதில்லை. ரூமில் தங்கியிருப்பவர் போன் நம்பர் கேட்பார், குடித்துவிட்டு வந்து பேசுவார், "ரூமுக்கு வந்து சரி பண்ணிக் கொடு" என்பார்.

"கஸ்டமரை நாங்க என்ன பண்ண முடியும்?" என்று நிர்வாகம் கைவிரிக்க முடியுமா? முடியாது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-ன் 19-வது பிரிவு தெளிவாக இருக்கிறது. பாதுகாப்பான பணிச்சூழல் தருவது முதலாளியின் கடமை, பணியிடத்துக்கு வந்து போகும் வெளியாட்களிடம் இருந்து பாதுகாப்பதும் அதில் அடக்கம்.

புகார் எங்கே கொடுப்பது?

* 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடம் என்றால் அங்கேயே உள் புகார் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும்
* 10 பேருக்குக் குறைவு என்றாலோ, புகார் முதலாளி மீதே என்றாலோ, மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர் குழுவிடம் போகலாம். கள்ளக்குறிச்சியில் ஆட்சியர் அலுவலகம் வழியாக அணுகலாம்
* சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் வரை குழு அனுமதிக்கலாம்
* விசாரணை 90 நாளில் முடிய வேண்டும்
* மத்திய அரசின் 'ஷீ-பாக்ஸ்' இணையதளத்திலும் பதியலாம்

இது தவிர காவல் நிலையத்தில் நேரடியாகவும் புகார் தரலாம். பாரதிய நியாய சன்ஹிதாவில் பாலியல் துன்புறுத்தலுக்கு 75-வது பிரிவு, பின்தொடர்ந்து தொல்லை தருவதற்கு 78-வது பிரிவு, பெண்ணின் கண்ணியத்தை இழிவுபடுத்தும் பேச்சு, சைகைக்கு 79-வது பிரிவு இருக்கின்றன. உடனடி உதவிக்கு 112, பெண்கள் உதவி எண் 181.

நடைமுறையில் உதவும் சில ஏற்பாடுகள் சின்னவைதான். ரிசப்ஷனில் சிசிடிவி, விடுதியின் பொது எண் தவிர சொந்த எண்ணைக் கொடுக்க வேண்டாம் என்ற விதி, ரூமுக்குப் பெண் ஊழியரைத் தனியாக அனுப்பக் கூடாது என்ற கட்டுப்பாடு, இரவில் கூடவே ஒரு செக்யூரிட்டி. இவற்றுக்கு ஆகும் செலவு பெரிதல்ல.

கர்ப்பம், கல்யாணம்: வேலை போகுமா?

இன்டர்வியூவில் "கல்யாணம் எப்போ?" என்று கேட்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. 'முகம் பார்த்து' ஆள் எடுக்கும் தொழில்களில் இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் முதல் முறை கர்ப்பமானாலே வேலையில் இருந்து ஓய்வு பெற வேண்டும் என்ற விதி ஒரு காலத்தில் இருந்தது. 1981-ல் 'நெர்கீஷ் மிர்சா' வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

இப்போதைய நிலை: பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 80 நாள் வேலை செய்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 2017 திருத்தத்தில் 12 வாரம் 26 ஆனது. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இது பொருந்தும். 50 பேர் அல்லது அதற்கு மேல் என்றால் குழந்தைகள் காப்பகமும் வேண்டும். பேறுகால விடுப்பில் இருக்கும்போது அதையே காரணமாக வைத்து வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம்.

இஎஸ்ஐ இருந்தால் அந்தப் பணத்தை இஎஸ்ஐ தரும், முதலாளி தர வேண்டியதில்லை. "பொண்ணை எடுத்தா ஆறு மாசம் சும்மா சம்பளம் கொடுக்கணும்" என்று தயங்கும் விடுதி உரிமையாளர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ: கையில் என்ன வரும்?

ஹோட்டல், உணவகத் தொழிலுக்குத் தமிழ்நாடு அரசு குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்திருக்கிறது. அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறும். ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் இது பொருந்தும். ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம் என்பது 1976-ல் இருந்தே சட்டப்படி தவறு.

ஒரு உதாரணம். மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

* இஎஸ்ஐ: ஊழியர் பங்கு 0.75 சதவீதம், 90 ரூபாய். நிறுவனம் 3.25 சதவீதம், 390 ரூபாய். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு, 10 பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும் இடத்தில் கட்டாயம்
* பிஎஃப்: ஊழியர் 12 சதவீதம், 1,440 ரூபாய். நிறுவனமும் அதே அளவு. 20 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் கட்டாயம்

இங்கேதான் சின்ன ஊர்களின் சிக்கல் வருகிறது. உள் புகார் குழு, இஎஸ்ஐ, பேறுகால விடுப்பு, இரவு வேலை நிபந்தனைகள் எல்லாவற்றுக்கும் '10 பேர்' என்பதுதான் கோடு. எட்டு பேர் வேலை செய்யும் ஒரு லாட்ஜ் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கிறது. அங்கே மிஞ்சுவது குறைந்தபட்ச ஊதியமும், மாவட்ட உள்ளூர் குழுவும், காவல் நிலையமும்தான். சில இடங்களில் 12 பேர் வேலை செய்தாலும் பதிவேட்டில் 9 பேர்தான் இருப்பார்கள். பதிவேட்டில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான் முக்கியம்.

50 பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும் பெரிய ஹோட்டல் என்றால் இன்னொரு சட்டமும் துணைக்கு வரும். 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரம் ஆக்க வேண்டும் என்கிறது 1981-ம் ஆண்டு தமிழ்நாடு பணி நிரந்தரச் சட்டம்.

என்ன படிக்கணும்?

10-ம் வகுப்பு முடித்தவர்களுக்கு: ஐடிஐ-களில் 'ஃப்ரண்ட் ஆபீஸ் அசிஸ்டென்ட்' என்ற ஓராண்டுப் பிரிவு இருக்கிறது. எல்லா ஐடிஐ-யிலும் இருக்காது, விண்ணப்பிக்கும்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

12-ம் வகுப்பு முடித்தவர்களுக்கு: சென்னை தரமணியில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்வி நிறுவனத்திலும், திருச்சி துவாக்குடியில் உள்ள மாநில நிறுவனத்திலும் படிக்கலாம். மூன்றாண்டு பி.எஸ்சி. படிப்புக்கு தேசிய அளவிலான என்சிஎச்எம் ஜேஇஇ நுழைவுத் தேர்வு உண்டு.

பட்டியலின, பழங்குடியின மாணவர்களுக்கு: தரமணி நிறுவனத்தில் படிக்க தாட்கோ உதவுகிறது. கல்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடியினக் குடும்பங்களின் பெண்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். 10-ம் வகுப்பு முடித்தவர்களுக்கான சான்றிதழ்ப் படிப்புக்கும் இந்த உதவி அறிவிக்கப்பட்டிருக்கிறது.

படிப்பைத் தாண்டி வேலை கொடுப்பவர்கள் பார்ப்பது மூன்று விஷயங்கள். தயங்காமல் பேசும் ஆங்கிலம், கொஞ்சம் இந்தி, கம்ப்யூட்டரில் பில் போடத் தெரிவது. திருவண்ணாமலையில் வெளிநாட்டு பக்தர்களும், தெலுங்கு பேசும் பக்தர்களும் அதிகம் என்பதால் அங்கே தெலுங்கு தெரிந்தால் கூடுதல் பலம்.

உலகம் எங்கும் இதே கதையா?

ஐ.நா.வின் சுற்றுலா அமைப்பு 2019-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலக சுற்றுலாத் துறை ஊழியர்களில் 54 சதவீதம் பெண்கள். ஆனால் ஆண்களை விட 14.7 சதவீதம் குறைவாகச் சம்பாதிக்கிறார்கள். எண்ணிக்கையில் முன்னால், சம்பளத்தில் பின்னால்.

இந்தியாவில் எண்ணிக்கையே பிரச்சினை. 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலையில் இருப்பவர்கள் அல்லது வேலை தேடுபவர்கள் 41.7 சதவீதம். கிராமத்தில் 47.6, நகரத்தில் 28 சதவீதம். வயலில் வேலை செய்யும் பெண், நகரத்து மேஜைக்கு வந்து சேரும் வழியில் எங்கோ நின்றுவிடுகிறார்.

அந்த 'எங்கோ' பெரும்பாலும் பஸ் ஸ்டாண்டுதான். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காலை ஷிப்டுக்குப் போகிற பெண்ணுக்கு இது பெரிய மிச்சம். ஆனால் இரவு 10 அல்லது 11 மணிக்கு முடியும் ஷிப்டுக்கு அந்த பஸ் உதவாது. கிராமத்துக்குக் கடைசி பஸ் அதற்கு முன்பே போய்விடும். அதனால்தான் போக்குவரத்தை நிறுவனம் தர வேண்டும் என்ற நிபந்தனை அரசாணையில் இருக்கிறது.

வேலையில் சேரும் முன் கேட்க வேண்டிய 8 கேள்விகள்

1. நியமனக் கடிதம் தருவீர்களா? அதில் பதவி, சம்பளம், வேலை நேரம் இருக்குமா?
2. ஒரு ஷிப்ட் எத்தனை மணி நேரம்? ரிசப்ஷனில் மொத்தம் எத்தனை பேர்?
3. வாரத்தில் எந்த நாள் லீவு?
4. நைட் ஷிப்ட் உண்டா? உண்டு என்றால் வண்டி வசதி என்ன, இரவில் கூட யார் இருப்பார்கள்?
5. சம்பளம் வங்கியில் வருமா? இஎஸ்ஐ, பிஎஃப் எண் கிடைக்குமா?
6. கல்லாவில் பணம் குறைந்தால் யார் பொறுப்பு?
7. புகார் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்?
8. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, ஓய்வறை இருக்கிறதா?

இதில் இரண்டாவது கேள்விக்கு "ரெண்டு பேர்" என்று பதில் வந்தால், மற்றவற்றுக்கு என்ன பதில் வரும் என்று ஓரளவு ஊகிக்கலாம். வேலையில் சேர்ந்த பிறகு பிரச்சினை என்றால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தரலாம். வருகைப் பதிவேட்டின் போட்டோ, சம்பளம் வந்த வங்கிக் கணக்கு விவரம், ஷிப்ட் போட்ட வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாமே ஆதாரம்தான். அவற்றை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது.

"ராத்திரி யார் கூட்டிட்டு வருவா?" என்று வீட்டில் கேட்கும் அதே கேள்வியை, இன்டர்வியூ மேஜையில் நிர்வாகத்திடமும் கேட்கலாம். அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டியது அவர்கள்தான்.